தொழுகை நேரச் செயலி: முதல்முறை திறப்பவரின் மனதில் இடம்பிடிப்பது எப்படி?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வருகிறது. "நமது மஹல்லா இளைஞர்கள் ஒரு மொபைல் செயலி தயாரித்திருக்கிறார்கள். தொழுகை நேரம், ஜனாஸா அறிவிப்பு, மதரஸா விவரம் எல்லாம் அதில் இருக்கும். அனைவரும் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்." பள்ளிவாசல் வாசலிலேயே பலர் போனை எடுக்கிறார்கள். அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கானோர் பதிவிறக்கிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அதைத் திறந்து பார்ப்பவர்கள் அதைச் செய்த இளைஞர்களும் அவர்களின் நண்பர்களும் மட்டும்தான். மற்றவர்கள் பழையபடி சுவரில் தொங்கும் காலண்டரையும் வாட்ஸ்அப் குழுவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்கள் பலவற்றில் நடக்கும் கதைதான் இது. "நம்ம ஆட்களுக்கு ஆர்வம் இல்லை" என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் ஆர்வம் இருந்ததால்தான் பதிவிறக்கினார்கள். அந்த ஆர்வம் கரைந்துபோனது செயலியை முதன்முதலாகத் திறந்த அந்தச் சில நிமிடங்களில்.

அந்த நிமிடங்களில் என்ன நடந்திருக்கும்? திறந்தவுடன் ஐந்தாறு வரவேற்புப் படங்களைத் தள்ள வேண்டியிருந்தது. பிறகு பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்டது. ஓடிபி வந்து சேரத் தாமதமானது. "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதியுங்கள்", "தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதியுங்கள்", "அறிவிப்புகள் அனுப்ப அனுமதியுங்கள்" என்று அடுத்தடுத்துப் பெட்டிகள் வந்தன. எல்லாவற்றையும் கடந்து உள்ளே போனால், அஸர் நேரம் தங்கள் பள்ளியின் நேரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது. வாப்பா போனை மகனிடம் நீட்டிவிட்டார். "இது சரியில்லைப்பா. எடுத்துடு."

ஒரு செயலி முதல்முறை பயன்படுத்துபவருக்குப் பிடித்துப்போக என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழுகை நேரச் செயலியை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பார்ப்போம். செயலி உருவாக்கும் இளைஞர்களுக்கு இது பயன்படும். எந்தச் செயலியை வீட்டுப் போன்களில் அனுமதிக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

வாசலில் நிற்பவரின் ஒழுக்கம்

பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் ஸலாம் சொல்லி அனுமதி பெற வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

இன்று ஒருவரின் கைபேசி அவருடைய வீட்டு உள்ளறையைப் போன்றது. குடும்பப் படங்கள், பேசியவர்களின் எண்கள், வங்கிக் கணக்கு, அவர் தினமும் போய்வரும் இடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. புதிதாக ஏற்றப்படும் செயலி அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி. வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறக்கச் சாவி கேட்பவரை யாரும் உள்ளே விட மாட்டார்கள். ஸலாம் சொல்லி, வந்த காரணத்தைச் சொல்லி, கையில் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் ஒன்றைக் கேட்பவரை உட்காரச் சொல்வார்கள்.

செயலி வடிவமைப்பில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். முதலில் கொடு, பிறகு கேள்.

முதலில் கொடுப்பது என்றால் என்ன?

டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். 2012 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. அதைத் திறந்ததும் முதலில் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. எந்த மொழி, எதற்காக என்று இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு நேராக முதல் பாடத்துக்குள் அழைத்துச் செல்கிறது. நாலு சொல் கற்று முடித்த பிறகுதான், "இதைச் சேமித்துவைக்கக் கணக்குத் தொடங்குகிறீர்களா?" என்று கேட்கிறது. அதற்குள் பயனருக்குச் சேமிக்க ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. அதனால் அவர் சம்மதிக்கிறார்.

வாட்ஸ்அப் நம் பெரியவர்களிடம்கூட எளிதாகப் பரவியதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. பயனர் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். கையில் இருக்கும் தொலைபேசி எண்ணே போதும். எண்ணைக் கொடுத்தவுடன் தெரிந்த முகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஜே. ஃபாக் என்பவர் மனிதர்கள் ஒரு செயலைச் செய்வதற்கு மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும் என்று விளக்கினார். செய்ய வேண்டும் என்ற விருப்பம், செய்வதற்கான எளிமை, இப்போது செய் என்று சொல்லும் தூண்டுதல். தொழுகை விஷயத்தில் விருப்பம் நம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாங்கு என்ற தூண்டுதலும் தினமும் ஐந்து வேளை இருக்கிறது. ஆகவே செயலி செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். எளிமையாக இருக்க வேண்டும்.

எனவே தொழுகை நேரச் செயலியின் முதல் திரையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த வக்து எது, அது எத்தனை மணிக்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது. பெரிய எழுத்தில், தமிழில். திறந்த சில நொடிகளில் அது கண்ணில் பட வேண்டும். நிர்வாகிகளின் படம், வாழ்த்துரை, நன்கொடை வேண்டுகோள், செயலியை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் பிறகு வரலாம்.

தவறான நேரம் காட்டினால் நம்பிக்கை போய்விடும்

எந்தச் செயலியும் பயனர் எதையும் மாற்றாதவரை தானாகவே சில அமைப்புகளை வைத்துக்கொள்ளும். முதல்முறை பயன்படுத்துபவர் பார்ப்பது அந்த அமைப்புகளைத்தான். பெரும்பாலானோர் அவற்றைக் கடைசிவரை மாற்றுவதே இல்லை. தொழுகை நேரச் செயலியில் இது விளையாட்டான விஷயம் அல்ல.

முதலாவது அஸர். ஷாஃபி மத்ஹபின்படி, நண்பகல் நிழல் போக ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் அது இரண்டு மடங்காகும்போது தொடங்குகிறது. தமிழகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே, பருவத்தைப் பொறுத்து, சுமார் 50 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை வித்தியாசம் வரும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம். உள்மாவட்டங்களில் ஹனஃபிகள் அதிகம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபிகள். இதைக் கேட்காமல் ஏதோ ஒன்றைச் செயலி தானாக வைத்துக்கொண்டால், பாதிப் பேருக்கு முதல் நாளே அது தவறான செயலி ஆகிவிடும். "உங்கள் பள்ளியில் அஸர் ஷாஃபி முறையா, ஹனஃபி முறையா?" என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்பது நல்லது. ஒரே ஒரு மஹல்லாவுக்கான செயலி என்றால் அந்தக் கேள்விகூடத் தேவையில்லை. இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டு அமைத்துவிடலாம்.

இரண்டாவது ஃபஜ்ர். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் தொடங்குகிறது என்பதில் அமைப்புகளிடையே கணக்கு வேறுபடுகிறது. கராச்சிக் கணக்கும் முஸ்லிம் உலக லீக்கின் கணக்கும் 18 பாகை. வட அமெரிக்க அமைப்பான இஸ்னாவின் கணக்கு 15 பாகை. இந்த மூன்று பாகை நம் பகுதியில் சுமார் 12, 13 நிமிடங்கள் ஆகும். செயலியில் தெரியாமல் 15 பாகை அமைந்துவிட்டால், ரமளானில் அதைப் பார்த்து ஸஹர் செய்பவர் தன் பள்ளியின் கணக்கில் வக்து வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருடைய நோன்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

மூன்றாவது ஊர். தீர்க்கரேகையில் ஒரு பாகை என்றால் நான்கு நிமிடம். சென்னைக்கும் கோவைக்கும் இடையே மூன்று பாகைக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. சென்னையில் சூரியன் மறைந்து பத்து நிமிடத்துக்கும் மேலான பிறகே கோவையில் மறைகிறது. செயலி சென்னையைத் தானாக வைத்துக்கொண்டால், கோவையில் இருப்பவர் மஃரிபுக்கு முன்பே நோன்பு திறந்துவிடுவார்.

நான்காவது பிறை. பல செயலிகள் கணக்கிடப்பட்ட ஹிஜ்ரி நாட்காட்டியைக் காட்டுகின்றன. நம் ஊரிலோ பிறை பார்த்து, தலைமை காஜி அறிவித்த பிறகே மாதம் தொடங்குகிறது. செயலி ஒரு தேதியும் பள்ளி வேறொரு தேதியும் சொன்னால் மக்கள் பள்ளியைத்தான் நம்புவார்கள், அதுதான் சரி. ஒரு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும் வசதி நிர்வாகியின் கையில் இருக்க வேண்டும்.

இவற்றோடு இகாமத் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வக்து தொடங்கும் நேரத்தை உலகச் செயலி எதுவும் சொல்லிவிடும். நம் தெருப் பள்ளியில் ஜமாஅத் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை மஹல்லா செயலியால் மட்டுமே சொல்ல முடியும். மக்கள் அதைத் தேடி வருவார்கள்.

அனுமதி கேட்பதற்கும் நேரம் உண்டு

தொழுகை நேரச் செயலிகள் பெரும்பாலும் திறந்தவுடன் கேட்பது இருப்பிடம். உண்மையில் எவ்வளவு துல்லியமான இருப்பிடம் தேவை?

கணக்கைப் பாருங்கள். நம் பகுதியில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். அதற்கு நான்கு நிமிடம். அப்படியானால் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் தொழுகை நேரம் மாறுவது சுமார் இரண்டு விநாடி. நீங்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று செயலிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஊர் பெயர் போதும். கிப்லாவுக்கும் அப்படித்தான். சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே இருக்கிறது; கொழும்பிலிருந்து சுமார் 25 பாகை. ஊருக்குள் தெரு மாறுவதால் இது மாறிவிடுவதில்லை. கிப்லா தவறாகக் காட்டுகிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் காரணம் போன் உறையில் இருக்கும் காந்தமோ, சரிசெய்யப்படாத திசைகாட்டியோதான்.

ஆகவே நல்ல செயலி முதல் திரையில் ஊர்ப் பட்டியலைக் கொடுக்கும். "உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள்" என்று கேட்கும். அதன் கீழே, "பயணத்தில் இருக்கிறீர்களா? இருப்பிடத்தைத் தானாக அறியலாம்" என்று ஒரு வாய்ப்பை மட்டும் வைக்கும். இருப்பிடம் தேவைப்படும்போதும் தோராயமான இருப்பிடமே போதும். ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும் ஐபோனில் 14-ஆம் பதிப்பு முதலும் அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி பயனருக்கே இருக்கிறது.

பாங்கு அறிவிப்புக்கான அனுமதியையும் இப்படித்தான் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்புவதற்கே பயனரின் சம்மதம் தேவை. செயலியைத் திறந்த நொடியில் கேட்டால் பலர் "வேண்டாம்" என்றே அழுத்துவார்கள். பயனர் தானாக ஃபஜ்ருக்குப் பக்கத்தில் உள்ள மணிச் சின்னத்தைத் தொடும்போது, "ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலிக்க அனுமதி வேண்டும்" என்று சொல்லிக் கேட்டால் காரணம் அவருக்கே புரிந்திருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் ஓர் அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால், அந்தச் செயலி மறுபடி அந்தப் பெட்டியைக் காட்ட முடியாது. ஐபோனில் பொதுவாக ஒரே முறைதான். அதன் பிறகு பயனரே அமைப்புகளுக்குள் தேடிப்போய் மாற்ற வேண்டும். நேரம் பார்க்காமல் கதவைத் தட்டுபவருக்குக் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டுவிடும்.

அமானிதம் தவறினால்

இருப்பிடத் தகவலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரவு நிறுவனத்துக்குச் செல்கிறது. அந்த நிறுவனம் விற்கும் தகவல்கள் ஒப்பந்ததாரர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்தைச் சென்றடைகின்றன என்பது செய்தியின் சாரம். இராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது. எக்ஸ்-மோட் உள்ளிட்ட நிறுவனங்களுடன் தரவுத் தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. பின்னர் 2024 ஜனவரியில், அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எக்ஸ்-மோட் நிறுவனத்தின் மீதும் அதன் தொடர்ச்சியான அவுட்லாஜிக் நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுத்தது. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவருவதைக் காட்டும் இருப்பிடத் தகவலை விற்கத் தடை விதித்தது.

தொழுகை நேரம் பார்ப்பதற்காகக் கொடுத்த அனுமதி அது. கொடுத்தவர்கள் வேறு எதையும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் இளைஞர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது முக்கியமானது. தகவல் கசிவது எப்போதும் திட்டமிட்ட துரோகத்தால் அல்ல. விளம்பர வருமானத்துக்காகவோ, வேலையை எளிதாக்கவோ, பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளைச் செயலிக்குள் சேர்ப்பார்கள். அந்தத் தொகுப்புகள் பயனரின் தகவலைத் தம் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். செயலி செய்தவருக்கே அது முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம். எதைச் சேர்க்கிறோம், அது எதை எங்கே அனுப்புகிறது என்று பார்த்துச் சேர்ப்பது அவருடைய பொறுப்பு. இதில் மிக எளிய பாதுகாப்பு, தேவையில்லாததை வாங்காமலே இருப்பதுதான். நம்மிடம் இல்லாத தகவல் யாரிடமும் போக முடியாது.

உம்மாவின் போனில் வேலை செய்ய வேண்டும்

செயலி செய்பவர் புதிய, விலை உயர்ந்த போனில் சோதித்துப் பார்க்கிறார். உம்மாவோ பெத்தும்மாவோ பயன்படுத்துவது மகனுக்குப் பழையதாகிப்போன போன். அதில் வாட்ஸ்அப் வீடியோக்கள் நிரம்பி இடமே இருக்காது. திரையில் கீறல் இருக்கும். வீட்டின் உள் அறையில் நெட் கிடைக்காது.

ஆகவே செயலி அளவில் சிறியதாக இருக்க வேண்டும். தொழுகை நேரம் கணக்கிட இணையமே தேவையில்லை; ஊரும் தேதியும் தெரிந்தால் போனுக்குள்ளேயே கணக்கிட்டுவிடலாம். நெட் இல்லாதபோது வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் செயலியை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்குச் செயலியிலும் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழை வைத்தால் பாதி எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும்.

சொற்களும் நம் வீட்டுச் சொற்களாக இருக்க வேண்டும். வக்து, பாங்கு, ஜமாஅத், ஸஹர், நோன்பு திறப்பு என்று வீட்டில் பேசுவதையே செயலியிலும் எழுதலாம். இயந்திர மொழிபெயர்ப்பில் வரும் விசித்திரத் தமிழைப் பார்த்தவுடனேயே, இது நமக்காகச் செய்யப்பட்டதல்ல என்ற எண்ணம் வந்துவிடும்.

பாங்கு ஒலிக்காமல் போவது மற்றொரு பெரும் சிக்கல். பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பின்னணியில் இருக்கும் செயலிகளை நிறுத்திவிடுகிறது. முதல் ஃபஜ்ருக்கே பாங்கு ஒலிக்காவிட்டால், போன்தான் காரணம் என்று பயனருக்குத் தெரியாது. செயலி பொய் சொல்லிவிட்டது என்றே நினைப்பார். பாங்கை இயக்கிய உடனே, "உங்கள் போனில் பாங்கு சரியாக ஒலிக்க இந்த ஓர் அமைப்பை மாற்ற வேண்டும்" என்று படத்துடன் காட்டி, சோதித்துப் பார்க்க ஒரு பொத்தானும் கொடுத்தால் இந்த ஏமாற்றம் நேராது.

ஈர்ப்பது வேறு, சிக்க வைப்பது வேறு

ஒரு செயலி மக்களைத் திரும்பத் திரும்ப வரவைக்க வேண்டும் என்பதில் தவறில்லை. எப்படி வரவைக்கிறது என்பதே கேள்வி.

முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே இருக்கும் திரையை 2006-ல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். பின்னாளில் அவரே அதை நினைத்து வருந்திப் பேசினார். எங்கே நிறுத்துவது என்று மனிதருக்குத் தெரியாமல் செய்துவிடும் அமைப்பு அது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஆவலில் விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். பல சமூக ஊடகங்களும் விளையாட்டுகளும் இந்த ஆவலின் மீதுதான் கட்டப்பட்டிருக்கின்றன.

மார்க்கச் செயலிகளிலும் இவை நுழைந்துவிட்டன. இத்தனை நாள் தொடர்ந்து ஓதினீர்கள் என்று எண்ணிக் காட்டுவது, தஸ்பீஹ் எண்ணிக்கையில் யார் முதலிடம் என்று பட்டியல் போடுவது போன்றவை. ஒருவர் தனக்குத் தானே கணக்கு வைத்துக்கொள்வது உதவியாக இருக்கலாம். ஆனால் இபாதத்தைப் பிறர் பார்க்கும் போட்டியாக மாற்றும்போது நிய்யத் எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். முகஸ்துதியைப் பற்றி மார்க்கம் எச்சரித்திருக்கும்போது, அதற்கு வழிவகுக்கும் ஓர் அம்சத்தை நாமே செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பது சரியல்ல.

தொழுகை நேரச் செயலியின் வெற்றி, அதில் மக்கள் எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதில் இல்லை. நேரத்தைப் பார்த்தார், போனை வைத்தார், ஒளுச் செய்யப் போனார் என்றால் செயலி தன் வேலையைச் செய்துவிட்டது. நாளைக்கும் அதையே நம்பித் திறப்பார்.

அரசும் இந்தத் தந்திரங்களைக் கவனித்திருக்கிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், பயனரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை அறிவித்தது. மறுத்த பிறகும் நச்சரிப்பது, பொய்யான அவசரம் காட்டுவது, வெளியேற முடியாத சந்தாவில் சிக்கவைப்பது, மறுப்பவரைக் கூச வைப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை மார்க்கச் செயலி செய்பவர்கள் கவனிக்க வேண்டும். நன்கொடை கேட்கும் இடத்தில் "வேண்டாம்" என்ற பொத்தானுக்குப் பதிலாக "எனக்கு நன்மை தேவையில்லை" என்று எழுதிவைப்பது இந்த வகைதான். சதகா மனமுவந்து வர வேண்டியது.

அதே 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. அந்த விளக்கத்தைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. மதரஸா மாணவர்களுக்காகச் செயலி செய்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெளியிடும் முன் ஐந்து பேர்

செயலியை ஜும்ஆவில் அறிவிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பயன்பாட்டு ஆய்வில் புகழ்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே சொன்னது இது: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்.

யார் அந்த ஐந்து பேர்? இமாம் ஹஜ்ரத், மோதினார், கண்ணாடி போட்டுப் படிக்கும் ஒரு பெரியம்மா, கடையில் வேலை பார்க்கும் ஒருவர், மதரஸா மாணவி ஒருவர். அவரவர் சொந்தப் போனில் ஏற்றுங்கள். "இன்று அஸர் ஜமாஅத் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "இங்கே அழுத்துங்க பெரியம்மா" என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லைப் படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் தயங்கும் ஒவ்வோர் இடமும் திருத்த வேண்டிய இடம். ஹஜ்ரத்திடமும் மோதினாரிடமும் நேரங்களையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

செயலியை உருவாக்காமல் பயன்படுத்த மட்டும் செய்யும் குடும்பத்தினருக்கும் சில வார்த்தைகள். அத்தா, அம்மாவின் போனில் புதிய செயலி ஏற்றிக்கொடுக்கும் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று அழுத்திவிட்டுப் போகாமல் ஐந்து நிமிடம் அவர்கள் அருகில் உட்காருங்கள்.

பதிவிறக்கும் முன்பே, எந்தத் தகவல் சேகரிக்கப்படுகிறது, யாருடன் பகிரப்படுகிறது என்று செயலிக் கடையின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தொழுகை நேரச் செயலி தொடர்புப் பட்டியலையோ மைக்கையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்த பிறகும் செயலி வேலை செய்ய வேண்டும். இருப்பிடம் கொடுப்பதாக இருந்தால் "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதையும் தோராயமான இருப்பிடத்தையும் தேர்ந்தெடுங்கள். அஸர் முறையையும் ஃபஜ்ர் கணக்கையும் உங்கள் பள்ளியின் நேர அட்டவணையோடு ஒப்பிட்டு அமையுங்கள். ரமளான் வரும் முன் இதை இன்னொரு முறை பாருங்கள். இலவசச் சோதனை என்று சொல்லி வங்கி அட்டை எண் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மஹல்லாவுக்காகத் தூக்கம் விழித்துச் செயலி செய்யும் இளைஞர்களின் உழைப்பு நல்ல கித்மத். அது வீணாகக் கூடாது. அடுத்த ஜும்ஆவில் அறிவிப்பதற்கு முன், அந்தப் பெரியம்மாவின் பழைய போனில் அதை ஒரு முறை திறந்து பாருங்கள். பெயரையும் எண்ணையும் கேட்காமல், அவர் படிக்கக்கூடிய எழுத்தில், நம் பள்ளியின் அஸர் நேரம் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் அறிவிக்கலாம். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக.